ஆன்டிவைரஸ் இரண்டு, பாதுகாப்பு பூஜ்யம்: ஒரு வீட்டுக் கணினியைச் சீராக்கிய குறிப்புகள்

வேலைக்கு எடுத்தது வீட்டில் எல்லாரும் பயன்படுத்தும் ஒரே கணினி. விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம், 1 டிபி சுழலும் ஹார்ட் டிஸ்க். புகார் மூன்று. ஆன் செய்து டெஸ்க்டாப் வந்த பிறகும் வெகுநேரம் எதைத் தொட்டாலும் இழுக்கிறது. திரையின் வலது மூலையில் ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்ற எச்சரிக்கை ஓயாமல் வருகிறது. இரண்டு ஆன்டிவைரஸ் போட்டும் அது நிற்கவில்லை.

வேலை முடிந்தபோது அதில் ஓடுவது ஒரே ஒரு ஆன்டிவைரஸ், அதுவும் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர். எச்சரிக்கை நின்றது, வேகம் திரும்பியது. மென்பொருளுக்கு ஒரு காசு செலவில்லை. ஒரு சிறிய பட்டன் பேட்டரியும் ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கும் மட்டும் வாங்க வேண்டியிருந்தது. என்ன வரிசையில் செய்தால் சிக்கல் அவிழும், எங்கே தடம் மாறும் என்பதைக் கீழே வைத்திருக்கிறேன்.

எதையும் நீக்குவதற்கு முன்

முதலில் பார்க்க வேண்டியது, இப்போது யார் காவலில் இருக்கிறார்கள் என்பது. டாஸ்க்பாரில் தெரியும் ஐகான்களை நம்பக் கூடாது. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, இடது கீழே செட்டிங்ஸ், அதற்குள் மேனேஜ் புரொவைடர்ஸ். தங்களை ஆன்டிவைரஸ் என்று விண்டோஸிடம் பதிவு செய்துகொண்ட எல்லா மென்பொருளும் இங்கே வரிசையாக வரும், ஒவ்வொன்றும் ஆனா ஆஃபா என்பதோடு.

இந்தக் கணினியில் மூன்று பெயர்கள் இருந்தன. கணினி வாங்கியபோதே உள்ளே இருந்த ஒன்று: இலவசக் காலம் முடிந்து, வைரஸ்களை அடையாளம் காணும் பட்டியலைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டது. பின்னால் போட்ட இன்னொன்று: பாதியில் நீக்கப்பட்டு, ஐகான்கூட இல்லாமல் பதிவு மட்டும் மிச்சம். மூன்றாவது டிஃபெண்டர்: ஆஃப். வேறொரு ஆன்டிவைரஸ் பதிவாகியிருந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். வந்தவர் வேலை செய்யாவிட்டால் அது உடனே விழித்துக்கொள்ளும் என்று எண்ணிவிட வேண்டாம். நேரில் பார்க்க வேண்டும். இங்கே மூவரும் இருந்தும் காவலில் ஒருவரும் இல்லை.

மெனுவில் தெரியாத எச்சங்களைக் காட்ட ஒரு கட்டளை இருக்கிறது. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டெர்மினலை அட்மின் உரிமையோடு திறந்து, எஃப், எல், டி, எம், சி என்ற ஐந்து எழுத்துகளை இடைவெளியில்லாமல் அடித்து என்டர். கோப்புகளைப் படிக்கும்போதும் எழுதும்போதும் குறுக்கே நிற்கும் ஃபில்டர் டிரைவர்களின் பட்டியல் வரும். அதில் ஆல்டிட்யூட் என்ற எண் பத்தியைப் பாருங்கள். ஆன்டிவைரஸ்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஒதுக்கியிருக்கும் எண்கள் 320000-இல் தொடங்கி 329998 வரை. டிஃபெண்டரின் எண் 328010. இந்த வரம்புக்குள் டிஃபெண்டரைத் தவிர எத்தனை வரிகள் வருகின்றனவோ, அத்தனை பேர் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே மென்பொருள் இரண்டு மூன்று டிரைவர் வைத்திருப்பதும் உண்டு என்பதால் பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பாதி நீக்கப்பட்ட அந்த மென்பொருளின் டிரைவர் இங்கேதான் அகப்பட்டது. பட்டியலைப் படமெடுத்து வைத்தாயிற்று. நீக்கிய பிறகு ஒப்பிடப் பயன்படும்.

பின்னணியில் எந்நேரமும் காவல் காக்கும் ரியல்டைம் ஆன்டிவைரஸ்கள் இரண்டு ஏன் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதற்கும் இந்தப் பட்டியலே பதில். ஒன்று சோதிக்கத் திறக்கும் கோப்பை மற்றது ‘யாரோ திறக்கிறார்கள்’ என்று தானும் திறந்து சோதிக்கும். பிடித்த வைரஸ்களை ஒன்று பூட்டி வைக்கும் குவாரண்டைன் கிடங்கும் அதன் வைரஸ் பட்டியலும் மற்றதன் கண்ணுக்கு வைரஸாகவே தெரியக்கூடும். சுழலும் டிஸ்க்கில் இந்த இழுபறி பயங்கரமாகத் தெரியும்.

வேகத்தையும் அளந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சரியானதா இல்லையா என்பது வெறும் உணர்வாகவே நின்றுவிடும். சுமார் 5,000 சிறு கோப்புகள் இருக்கும் ஒரு ஃபோல்டரை டிஸ்க்கின் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ரோபோகாப்பி கட்டளையால் நகலெடுத்தால், முடிவில் அதுவே எடுத்துக்கொண்ட நேரத்தை அச்சிடும். ஒரே பெரிய வீடியோவை நகலெடுத்துப் பார்ப்பது இதற்கு உதவாது. ஆன்டிவைரஸின் சுமை கோப்புகளின் எண்ணிக்கையில் தெரியும், அளவில் அவ்வளவு தெரியாது. முன்பு எடுத்த நேரம் 11 நிமிடம்.

பிரதி எடுப்பது

நீக்கும் வேலையில் விண்டோஸே எழாமல் போகும் வாய்ப்பு சிறிதளவு உண்டு. ஆகவே ஆவணங்கள், படங்கள், பிரவுசரின் புக்மார்க்குகள் முதலில் வெளியே போக வேண்டும். வைரஸ் சந்தேகம் இருக்கும் கணினியில் இருக்கிற ஒரே பழைய பேக்கப் டிஸ்க்கைச் செருகக் கூடாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் உள்ளே இருந்தால் செருகிய டிஸ்க்கும் சேர்ந்து பூட்டப்படும். புதிய டிஸ்க் வாங்கியது இதற்காகத்தான். எடுக்க வேண்டியவை ஆவணங்களும் படங்களும் மட்டும். இன்ஸ்டாலர்கள், டவுன்லோட்ஸ் ஃபோல்டர், கிராக் செய்த மென்பொருள் எதுவும் பிரதியில் சேரக் கூடாது.

கூடவே இன்னொன்று. விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே விண்டோஸின் பிட்லாக்கர் வசதியால் பூட்டப்பட்டிருக்கும். மிக அவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் எழும் சேஃப் மோடுக்குள் போகும்போது 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கக்கூடும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று வேறொரு கருவியில் பார்த்து, தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு மேலே போகலாம். இந்தப் படியைத் தாண்டிவிட்டுக் கீ இல்லாமல் திண்டாடுபவர்கள் நிறைய.

நீக்கும் வரிசை

இந்த இடத்தில் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது ஃபுல் ஸ்கேன். இப்போது அது வீண். காலாவதியான பட்டியலோடு தேடுவதில் அர்த்தமில்லை. இரண்டு டிரைவர்களும் ஒன்றையொன்று இடறிக்கொண்டிருக்கும்போது ஸ்கேன் முடியவும் முடியாது. முதலில் நீக்கம், பிறகுதான் தேடல்.

செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் வழியாக நீக்குவது முதல் படி. அது எப்போதும் முழுமையாக நீக்காது. அதனால் பெரிய ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் எல்லாம் தங்கள் மென்பொருளைச் சுத்தமாகத் துடைக்கத் தனி ரிமூவல் டூல் வைத்திருக்கின்றன. அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் அதை இறக்க வேண்டும். தேடல் முடிவில் மேலே விளம்பரமாக வரும் ‘எல்லா ஆன்டிவைரஸையும் நீக்கும்’ கருவிகளைத் தொடவே கூடாது. இரண்டு ரிமூவல் டூல்களையும் நீக்கம் தொடங்கும் முன்பே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. நீக்கிய பின் நெட்வொர்க் ஃபில்டர் பாதியில் தொங்கி இணையமே போய்விடும் நிலை வரக்கூடும்.

பிறகு ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4. சேஃப் மோடில் ஆன்டிவைரஸின் தற்காப்பு பெரும்பாலும் விழிக்காது, டூல் தடையின்றித் துடைக்கும். ஒன்றை முடித்து, சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்து, பிறகு அடுத்தது. இரண்டையும் ஒரே மூச்சில் செய்தால் எது எதைக் கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

ஷட்டவுன் செய்து ஆன் செய்வது ரீஸ்டார்ட்டுக்கு ஈடாகாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆனில் இருந்தால் ஷட்டவுனில் விண்டோஸின் உட்கரு டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு அப்படியே மீண்டும் ஏற்றப்படும். பழைய டிரைவரும் கூடவே வரும். ரீஸ்டார்ட் மட்டுமே முழுதாகப் புதிதாகத் தொடங்கும்.

இரண்டும் போன பின் எஃப்எல்டிஎம்சி பட்டியலில் 320000-களில் டிஃபெண்டரின் 328010 மட்டும் மிஞ்சியது. மேனேஜ் புரொவைடர்ஸிலும் ஒரே பெயர், ஆன். அதே 5,000 கோப்புகள் இப்போது 4 நிமிடத்தில் நகர்ந்தன.

பட்டியல் புதுப்பிக்க மறுத்தது

டிஃபெண்டர் ஆன் ஆனதும் செக் ஃபார் அப்டேட்ஸ் அழுத்தினால் தோல்வி. விண்டோஸ் அப்டேட்டும் தோல்வி. இப்படி வந்தால் பலரும் நெட்வொர்க்கை ரீசெட் செய்யப் போவார்கள், சிலர் விண்டோஸையே மறுபடி போடுவார்கள். அதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். இந்தக் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் நின்றது. தேதி தவறினால் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும், இணைப்பு மறுக்கப்படும். சரியாக வைத்து ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்து இணைத்தால் மறுபடி பழைய தேதி. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்ததற்கு இதுவே அடையாளம். புதிய செல்லுக்கு 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே வரும். கழற்றியது மல்டிமீட்டரில் 2.4 காட்டியது. மாற்றிய பிறகு அப்டேட் தடையில்லாமல் ஓடியது.

டிஃபெண்டரின் பட்டியல் ஒரு நாளில் பல முறை புதுப்பிக்கப்படும். புரொடெக்ஷன் அப்டேட்ஸ் பக்கத்தில் கடைசித் தேதி மூன்று நாளுக்கு மேல் பழையதாக இருந்தால் எங்கோ அடைப்பு என்று கொள்ளலாம்.

அந்த எச்சரிக்கை எங்கிருந்து வந்தது

இரண்டு ஆன்டிவைரஸ்களும் போன பின்னும் வலது மூலை எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. காரணம், அது வைரஸே இல்லை. ஆன்டிவைரஸ் கொடுத்ததும் இல்லை. ஏதோ ஒரு தளத்தில் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலௌ அழுத்துங்கள்’ என்று கேட்டு, அழுத்தியவரிடமிருந்து நோட்டிஃபிகேஷன் அனுமதியை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அதன்பின் அந்தத் தளம் மூடியிருந்தாலும் பிரவுசர் வழியாக விண்டோஸ் அறிவிப்பு போலவே போலி எச்சரிக்கை அனுப்ப முடியும். வைரஸ் கோப்பு எதுவும் டிஸ்க்கில் இல்லாததால் எந்த ஸ்கேனும் இதைப் பிடிக்காது.

குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அலௌ பட்டியலில் தெரியாத பெயர்கள் அத்தனையும் நீக்கி, மேலே ‘தளங்கள் நோட்டிஃபிகேஷன் அனுப்பக் கேட்கக் கூடாது’ என்ற தேர்வைப் போட்டுவிடலாம். எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் இதே போன்ற பக்கம் உண்டு. ஒரே பிரவுசரில் வீட்டார் தனித்தனி புரொஃபைல் வைத்திருந்தால் ஒவ்வொன்றிலும் பார்க்க வேண்டும். இந்தக் கணினியில் இரண்டாவது புரொஃபைலில்தான் அது ஒளிந்திருந்தது. எக்ஸ்டென்ஷன் பட்டியலையும் அங்கேயே சுத்தம் செய்துவிடுவது நல்லது.

போலி எச்சரிக்கையில் தரும் தொலைபேசி எண்ணுக்கு அழைத்து, அவர்கள் சொன்ன ரிமோட் மென்பொருளைப் போட்டிருந்தால் கதை வேறு. அந்த மென்பொருளை நீக்குவதோடு, வங்கிக் கணக்குகளின் பாஸ்வேர்டை வேறொரு சுத்தமான கருவியிலிருந்து அன்றே மாற்ற வேண்டும், வங்கிக்கும் தகவல் சொல்ல வேண்டும்.

இப்போது ஸ்கேன்

முதலில் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியல். வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கீழே ஆட் ஆர் ரிமூவ் எக்ஸ்க்ளூஷன்ஸ். அட்மின் உரிமை கிடைத்த வைரஸ் முதலில் செய்யும் காரியங்களில் ஒன்று தன் ஃபோல்டரை இங்கே சேர்த்துக்கொள்வது. சி டிரைவ் முழுவதையுமே விலக்கிவிடுவதும் நடக்கிறது. கிராக் மென்பொருளோடு வரும் ‘ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இயக்குங்கள்’ என்ற குறிப்பும் இதே வேலையை உங்கள் கையால் செய்ய வைக்கிறது. இந்தப் பட்டியல் காலியாக இல்லாதபோது வரும் ‘அச்சுறுத்தல் இல்லை’ என்ற முடிவுக்கு மதிப்பில்லை. இங்கே ஒரு விளையாட்டின் ஃபோல்டர் முழுவதும் விலக்கப்பட்டிருந்தது. நீக்கியதும் அதற்குள்ளிருந்த கோப்பு ஒன்றை டிஃபெண்டர் உடனே பிடித்தது.

அடுத்து க்விக் ஸ்கேன். நினைவகத்தையும், தானாகத் தொடங்கும் இடங்களையும், வைரஸ்கள் வழக்கமாக ஒளியும் ஃபோல்டர்களையும் பார்க்கும். சில நிமிடங்களில் முடியும். ஃபுல் ஸ்கேன் சுழலும் டிஸ்க்கில் பல மணி நேரம் எடுக்கும்; இரவில் ஓட விட்டு, ஸ்லீப் போகாமல் பவர் செட்டிங்கை மாற்றி வைக்க வேண்டும். மூன்றாவது, மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் எழும் முன்பே தனிச் சூழலில் ஓடுவதால், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸிடமிருந்து தன்னை மறைத்துக்கொள்ளும் ரூட்கிட்டுக்கு இங்கே மறைய இடமில்லை. சுமார் 15 நிமிடம். முடிந்ததும் திரையில் ஒன்றும் சொல்லாமல் விண்டோஸ் எழும். முடிவைப் புரொடெக்ஷன் ஹிஸ்டரியில் போய்ப் பார்க்க வேண்டும். ஸ்கேன் திரையே வராமல் சாதாரணமாக ரீஸ்டார்ட் ஆனால், ரெக்கவரி சூழல் அணைந்திருக்கலாம். ரீஏஜென்ட்சி கட்டளையை இன்ஃபோ தேர்வோடு அட்மின் டெர்மினலில் ஓட்டினால் நிலை தெரியும், எனேபிள் தேர்வோடு ஓட்டினால் ஆன் ஆகும்.

இரண்டாவது கருத்துக்கு ரியல்டைம் காவல் வைக்காத, கூப்பிட்டால் மட்டும் ஓடும் ஸ்கேனர் போதும். மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு அப்படிப்பட்டது. நிறுவும்போது வரும் பிரீமியம் சோதனைக் காலத்தை ஏற்றால் அதுவும் ரியல்டைமில் உட்கார்ந்துவிடும், கவனம். மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் நிறுவவே வேண்டாம். இறக்கிய 10 நாளில் காலாவதியாகும், அடுத்த முறை புதிதாக இறக்க வேண்டும்.

கோப்பைப் பிடித்தாலும் அது மாற்றி வைத்த செட்டிங்குகளை ஆன்டிவைரஸ் எப்போதும் திருப்பி வைக்காது. கையால் பார்க்க வேண்டியவை: இணையப் போக்கை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் ப்ராக்ஸி (நெட்வொர்க் செட்டிங்கில்), தளப் பெயர்களை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரி (வைஃபையில்), அதே வேலையைக் கணினிக்குள்ளேயே செய்யும் ஹோஸ்ட்ஸ் கோப்பு, குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பின் ஆட்டோரன்ஸ் கருவி, தானாகத் தொடங்கும் அத்தனையையும் ஒரே இடத்தில் காட்டும். மைக்ரோசாஃப்டின் வரிகளை மறைத்துவிட்டால் மிஞ்சுவதைக் கண்ணாலேயே சலித்துவிடலாம். சந்தேகமானதை அழிக்காமல் டிக்கை மட்டும் எடுத்து, ரீஸ்டார்ட் செய்து பார்ப்பதே பாதுகாப்பு.

எதை வைத்துக்கொள்வது

கட்டணம் கட்டி வேறொன்று வாங்குவதா, டிஃபெண்டரே போதுமா என்பது இந்த இடத்தில்தான் முடிவாக வேண்டும்.

மதிப்பெண் பார்க்க மூன்று ஆய்வகங்கள் உண்டு: ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், லண்டனின் எஸ்இ லேப்ஸ். ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு வசதி என்ற மூன்றுக்கும் ஆறு ஆறு மதிப்பெண் தருகிறது, மொத்தம் 18. இதில் பயன்பாட்டு வசதி என்பது திரையின் அழகைக் குறிக்காது. நல்ல கோப்பைத் தவறாக வைரஸ் என்று சொல்வது எவ்வளவு குறைவு என்பதற்கான மதிப்பெண் அது. ஒரு சுற்றில் முதலிடம் வந்ததை வைத்து வாங்க வேண்டாம். தொடர்ந்து பல சுற்றுகளில் சரியாமல் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். முன்வரிசையில் இருப்பவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம், அப்டேட் செய்யாத ஒரு பிரவுசர் உண்டாக்கும் ஆபத்தைவிடச் சிறியது. டிஃபெண்டர் இன்று அந்த வரிசையில் நிற்கிறது. 2012-இல் விண்டோஸ் 8-ஓடு அது முழு ஆன்டிவைரஸாக வந்தபோது நிலைமை இப்படி இல்லை. பழைய அபிப்பிராயம் இன்னும் பலரிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

டிஃபெண்டருக்கு ஒரு பலவீனம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அதன் பலத்தில் பெரும்பகுதி மைக்ரோசாஃப்டின் கிளவுடிலிருந்து வருகிறது. இணையம் இல்லாதபோது கண்டுபிடிக்கும் திறன் இறங்குவது ஏவி-கம்பேரட்டிவ்ஸின் சோதனைகளில் தெரியும். இணையத்தோடும் இல்லாமலும் தனித்தனி எண் தருகிறார்கள். இணையம் அரிதாக இணைக்கப்பட்டு, பலருடைய பென்டிரைவ்கள் செருகப்படும் கணினிக்கு, ஆஃப்லைன் எண் நன்றாக இருக்கும் வேறொன்றை வாங்குவது நியாயம். இந்தக் கணினி எப்போதும் இணையத்தில் இருக்கிறது, அதனால் டிஃபெண்டர்.

இலவசமாகத் தரும் மூன்றாம் தரப்பு ஆன்டிவைரஸ் என்றால், அந்த நிறுவனத்துக்கு வருமானம் எங்கிருந்து என்று கேட்டே ஆக வேண்டும். அவாஸ்ட், பயனர்கள் எந்தெந்தத் தளம் பார்த்தார்கள் என்ற விவரத்தைத் தன் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் வழியாக விற்றது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1.65 கோடி டாலர் செலுத்தச் சொன்னது. இன்னொரு கோணம், நிறுவனம் நாளை இருக்குமா என்பது. 2024-இல் அமெரிக்க அரசு கேஸ்பர்ஸ்கை ஆன்டிவைரஸைத் தடை செய்ததால், அந்த ஆண்டு செப்டம்பர் 29-க்குப் பிறகு அங்கே பணம் கட்டியவர்களுக்கும் அப்டேட் கிடைக்க வழியில்லாமல் போனது.

ஆன்டிவைரஸ் என்பது கணினியின் அடித்தளத்தில் உட்காரும் மென்பொருள். அது தவறினால் கணினியே தவறும். 2010 ஏப்ரல் 21 அன்று வந்த ஒரு மெக்காஃபி அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பான எஸ்விசிஹோஸ்டை வைரஸ் என்று ஒதுக்கி, கணினிகளை ஓயாமல் ரீஸ்டார்ட் ஆக வைத்தது. 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. இந்த ஆழத்தில் இடம் கொடுக்க வேண்டியவர்களின் எண்ணிக்கை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பதே என் முடிவு.

விபிஎன், ரெஜிஸ்ட்ரி கிளீனர், டிரைவர் அப்டேட்டர் என்று தொகுப்பில் சேர்த்து விற்பவற்றுக்காகக் காசு கொடுக்க வேண்டாம். ரெஜிஸ்ட்ரி கிளீனரால் கணினி வேகமாவதில்லை. சில ஆன்டிவைரஸ்களில் இருக்கும், பாதுகாப்பான இணைப்புகளையும் திறந்து பார்க்கும் வசதி தன் சொந்தச் சான்றிதழைக் கணினியில் பதித்துக்கொண்டுதான் அதைச் செய்கிறது. வங்கித் தளம் திறக்காமல் சான்றிதழ்ப் பிழை காட்டும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த வசதியை.

மாற்றிய செட்டிங்குகள்

டேம்பர் புரொடெக்ஷன் ஆன்: வேறொரு நிரல் டிஃபெண்டரை அணைப்பதைத் தடுக்கும். கிளவுட் புரொடெக்ஷனும் சாம்பிள் அனுப்புவதும் ஆன். ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல் பக்கத்தின் ரெபுடேஷன் செட்டிங்ஸில், வேண்டாத மென்பொருளைத் தடுக்கும் தேர்வில் ஆப்ஸ், டவுன்லோட்ஸ் இரண்டும் டிக். இலவச இன்ஸ்டாலர்களின் வாலில் தொங்கி வரும் டூல்பார் வகையறாக்களை நிறுத்துவது இதுதான். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் தெரியும்படி வைத்தாயிற்று. பிடிஎஃப் போலப் பெயர் வைத்துப் பின்னால் இஎக்ஸ்இ ஒட்டி வரும் கோப்பு அப்போதுதான் கண்ணில் படும்.

கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் வழக்கமாக ஆஃபில் இருக்கும். ஆன் செய்தால், நம்பகமானது என்று தெரியாத எந்த நிரலும் ஆவணங்கள், படங்கள் ஃபோல்டர்களில் எழுத முடியாது. ரான்சம்வேருக்கு எதிரான நல்ல தடை. டிஃபெண்டரின் ரியல்டைம் காவல் ஓடினால்தான் இதுவும் ஓடும். இதில் ஒரு தொல்லை உண்டு. தடுக்கப்பட்ட நிரல் பெரும்பாலும் காரணத்தைச் சொல்லாது. ‘கோப்பு கிடைக்கவில்லை’, ‘சேமிக்க முடியவில்லை’ என்று பிதற்றும். ஆன் செய்த முதல் வாரத்தில் இப்படி எது வந்தாலும் புரொடெக்ஷன் ஹிஸ்டரியைப் பாருங்கள். ‘அலௌ அன் ஆப்’ (ஒரு நிரலை அனுமதி) பக்கத்தின் ரீசன்ட்லி பிளாக்டு ஆப்ஸிலிருந்து அந்த நிரலை மட்டும் அனுமதித்தால் போதும், வசதியையே அணைக்க வேண்டியதில்லை. இங்கே ஒரு பழைய ஸ்கேனர் மென்பொருளும் ஒரு விளையாட்டும் அனுமதி கேட்டன.

தினசரிப் பயன்பாட்டுக் கணக்குகள் எல்லாம் ஸ்டாண்டர்டு யூசராக மாறின. அட்மின் கணக்கு தனி, தனிப் பாஸ்வேர்டு. எதையாவது நிறுவும்போது பாஸ்வேர்டு கேட்பது எரிச்சல்தான். ஆனால் அந்த ஒரு கேள்வியில் நின்றுபோகும் தொல்லைகள் ஏராளம்.

உண்மையிலேயே விழித்திருக்கிறதா

பச்சைக் குறி தெரிந்தால் போதும் என்று விடக் கூடாது. ஐகார் சோதனைக் கோப்பு இதற்காகவே உண்டு: 68 எழுத்துகள் கொண்ட, எந்தத் தீங்கும் செய்யாத ஒரு வரி. எல்லா ஆன்டிவைரஸ்களும் அதை வைரஸாகவே பாவிப்பதாக உடன்பாடு. ஐகாரின் தளத்தில் இருக்கும் அந்த வரியை நோட்பேடில் ஒட்டிச் சேமித்தால், சில நொடிகளில் டிஃபெண்டர் கோப்பைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும். நேரடியாக இறக்கினால் பிரவுசரே மறிக்கக்கூடும். அப்போது சோதனைக்கு உள்ளானது பிரவுசர், ஆன்டிவைரஸ் இல்லை. ஜிப்புக்குள் இருக்கும் ஐகார் அங்கே தூங்கிக்கொண்டிருக்கலாம், விரிக்கும்போது பிடிபட்டால் சரிதான். வேண்டாத மென்பொருள், பாஸ்வேர்டு பறிக்கும் போலிப் பக்கம் (ஃபிஷிங்), கிளவுட் இணைப்பு இவற்றுக்குத் தனித்தனிச் சோதனைகளை, ஆன்டிவைரஸ் சோதனைத் தரங்களை வகுக்கும் ஏஎம்டிஎஸ்ஓ அமைப்பின் தளத்தில் ஓட்டலாம். இவை எல்லாம் நாடித் துடிப்பு பார்க்கிற சோதனைகள். தேர்ச்சி பெற்றதால் புதிய வைரஸையும் பிடிக்கும் என்று பொருளாகாது.

தவறாகப் பிடித்ததாகத் தோன்றும் கோப்பை உடனே மீட்டு எக்ஸ்க்ளூஷனில் போடக் கூடாது. குவாரண்டைனில் இருக்கட்டும். அதே கோப்பை உருவாக்கியவரின் தளத்திலிருந்து இறக்கும் முன், இணைப்பை வைரஸ்டோட்டலில் கொடுத்துப் பாருங்கள். பல பத்து ஆன்டிவைரஸ் என்ஜின்கள் பார்த்துச் சொல்லும். ஒன்றிரண்டு பெயர் தெரியாதவை மட்டும் சிவப்பு என்றால் தவறாக இருக்கலாம். பெரிய பெயர்கள் பல சேர்ந்து சொன்னால் விட்டுவிடுங்கள். அங்கே ஏற்றும் கோப்பைப் பிற நிறுவனங்களும் பார்க்க முடியும். அடையாள ஆவணம், வங்கி அறிக்கை போன்றவற்றை ஏற்றக் கூடாது. விலக்குத் தந்தே ஆக வேண்டும் என்றால் ஒரு கோப்புக்கு மட்டும். டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கு ஒருபோதும் வேண்டாம்.

பிடிபட்ட கோப்பு பாஸ்வேர்டு திருடும் வகை என்று புரொடெக்ஷன் ஹிஸ்டரி சொன்னால், நீக்கியதோடு வேலை முடியாது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும், உள்ளே நுழைந்த நிலையை நினைவில் வைக்கும் லாகின் குக்கிகளும் ஏற்கெனவே வெளியே போயிருக்கும் என்றே கொள்ள வேண்டும். குக்கி கையில் இருந்தால் பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலே உள்ளே போகலாம். ஆகவே வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றுவதோடு, ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் செய்ய வேண்டும். மின்னஞ்சல் கணக்கில் முதலில் தொடங்குங்கள். மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை மீட்கும் வழி அதுதான். விளையாட்டு ஃபோல்டரில் பிடிபட்டது இந்த வகை என்பதால் இங்கே அதைச் செய்தாயிற்று. விண்டோஸை முழுவதும் அழித்துப் புதிதாகப் போடுவதுதான் இன்னும் உறுதியான வழி. ஆஃப்லைன் ஸ்கேனில் ஏதாவது மிஞ்சியிருந்தால் அதையே செய்திருக்க வேண்டும்.

மறுபடி செய்தால்

நோட்டிஃபிகேஷன் பட்டியலை முதல் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுவது நல்லது. புகாரில் பாதி அதிலேயே தீர்ந்திருக்கும். கடிகாரத்தையும் அப்போதே பார்க்கலாம். சுழலும் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றியிருந்தால் ஃபுல் ஸ்கேனுக்கு ஓர் இரவு முழுவதும் காத்திருக்க வேண்டியிருக்காது. அதை அடுத்த செலவாக வைத்திருக்கிறேன்.

பேக்கப் டிஸ்க் வாரம் ஒருமுறை செருகி, நகல் முடிந்ததும் கழற்றப்படுகிறது. மாதம் ஒருமுறை அதிலிருந்து ஏதாவது ஒரு கோப்பை எடுத்துத் திறந்து பார்க்க வேண்டும். திறக்காத பேக்கப் பேக்கப் ஆகாது. அதே நாளில் பட்டியலின் தேதி, எக்ஸ்க்ளூஷன்ஸ் காலியா, மேனேஜ் புரொவைடர்ஸில் புதிய பெயர் ஏதாவது முளைத்திருக்கிறதா என்ற மூன்றையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பிற மென்பொருளோடு சத்தமில்லாமல் சேர்ந்து வரும் ஆன்டிவைரஸ் அந்த மூன்றாவதில்தான் தெரியும்.

விண்டோஸ் அப்டேட் நிறுத்தி வைக்கப்படாமல் இருப்பதும் இதே அளவு முக்கியம். 2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே பேட்ச் தந்திருந்தது. வீட்டிலுள்ள இன்னொரு பழைய கணினி விண்டோஸ் 10-இல் இருக்கிறது. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் அதற்கு 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் கூடுதல் ஆதரவுத் திட்டத்தில் சேராத கணினியில் விண்டோஸின் ஓட்டைகள் அடைபடாது, பட்டியல் எவ்வளவு புதிதாக இருந்தாலும். அந்தக் கணினியில் இனி வங்கி வேலை கிடையாது.